பதுங்குகுழி மரத்தில் பூத்த செடி

2008 மாரியில் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து தருமபுரத்தில் தங்கியிருந்தோம். பதுங்குகுழியை மூட நான் வெட்டிப் போட்ட பாலைமரக் குற்றியில் ஒட்டியிருந்த சிறு செடி ஒருநாள் காலையில் பூத்திருந்தது. விரல்நகமளவு வெள்ளைப் பூ, நடுவில் ஊதாக் கோடு. ஆர்க்கிட் வகை என்று மட்டும் தெரிந்தது. பல வருடம் தாவரவியல் படிப்பித்த எனக்கு அதன் பெயர் தெரியவில்லை. ஒருவரும் இன்னும் கண்டுபிடிக்காத இனமோ என்ற எண்ணம் என்னை இருக்கவிடவில்லை. ஷெல் சத்தம் கேட்டும் உள்ளே இறங்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இஞ்சாருங்கோ, உயிர் போற நேரத்தில பூப் பாக்கிறியளோ?" என்று மனைவி கையைப் பிடித்து இழுத்தாள்.

"இது ஒரு புத்தகத்திலயும் இல்லையப்பா. கம்பசில படிப்பிக்கிற ஆக்களுக்கு அனுப்பிக் கேக்க வேணும்."

"பாதை பூட்டிக் கிடக்கு. எதால அனுப்பப் போறியள்?"

மறுநாள் மீண்டும் புறப்பட வேண்டியதாயிற்று. செடியைப் பெயர்த்துப் பையில் வைத்தேன். அவள் அதை வெளியே எடுத்து, தன் சேலையின் ஓரத்தைக் கிழித்து, பக்கத்தில் நின்ற பாலைமரத்தின் கிளைக் கவட்டில் வைத்துக் கட்டினாள்.

"எங்களோட அலைஞ்சால் செத்துப்போகும். இது எண்டாலும் ஒரு இடத்தில இருக்கட்டும்."

நான் சைக்கிளை உருட்டினேன்.

போர் முடிந்த பிறகு அந்த மரத்தைப் பார்க்கப் பலமுறை புறப்பட்டுப் பாதி வழியில் திரும்பியிருக்கிறேன். செடி அங்கே இல்லாவிட்டால் அவளிடம் என்ன சொல்வேன் என்ற பயம் எனக்கு.