வேடியப்பன் பூங்காவில் பூ வைத்தோம்

எங்கள் ஊருக்கு வடக்கே ஒரு குன்று இருக்கிறது. பேருக்குத்தான் கோட்டை. மிச்சம் இருப்பது இடுப்பளவு சுவரும் மழைத்தண்ணீர் தேங்கும் ஒரு பள்ளமும்தான். அதைச் சுற்றி சிமென்ட் பெஞ்சுகளும் ஒரு சறுக்குமரமும் போட்டுப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். மேலே நின்றால் தருமபுரி மொத்தமும் தெரியும்: கலெக்டர் ஆபீஸ், மருத்துவக் கல்லூரி, சேலம் போகும் ரயில், பைபாஸ் ஓரம் புதிதாக முளைத்திருக்கும் அடுக்குமாடிகள். அத்தனை கட்டடத்துக்கு நடுவில் எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி எது என்று கண்டுபிடிக்காமல் நான் இறங்குவதில்லை. எதையும் தோண்டித் துருவாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அங்கே ஒரு பழைய நடுகல் உண்டு. வில்லோடு நிற்கும் வீரன். ஊருக்கு அவர் வேடியப்ப சாமி. 'தொடாதீர்கள்' என்று பக்கத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகைக்கும் யாரோ மஞ்சள் குங்குமம் வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம் என்றால் இவரிடம் பூ வைத்துக் கேட்பது இங்கே வழக்கம். கல்லின் தலையில் ஈர அரளிப்பூ ஒன்றை வைத்துவிட்டு, கீழே மாடக்குழியில் அகல் ஏற்றிவிட்டு நிற்க வேண்டும். பூ சாமிக்கு வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். அகல் அணையும்வரை விழவே இல்லை என்றால் சாமி வாய் திறக்கவில்லை என்று பொருள். வருஷம் திரும்பும்வரை மறுபடி கேட்கக் கூடாது.

சாயங்காலம் நானும் என் கணவரும் அங்கே நடக்கப் போவோம். அவர் நடப்பார், நான் பூ வைக்கிறவர்களை வேடிக்கை பார்ப்பேன். பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வீடு கட்டக் கேட்டவர், வெளிநாடு போகக் கேட்டவர் எல்லோருக்கும் பூ வலப்பக்கமே விழுந்தது. எப்படி? நாள் கணக்கில் மண்டையைக் குடைந்த பிறகுதான் பிடிபட்டது. முன்பு அந்தக் கல் கிழக்குப் பார்த்து நின்றது. பூங்கா கட்டியபோது, படம் எடுத்தால் பின்னால் ஊர் தெரியட்டும் என்று வடக்குப் பார்க்கத் திருப்பி நட்டுவிட்டார்கள். குன்றின் மேல் சாயங்காலக் காற்றோ மேற்கிலிருந்து வரும்; பூவைக் கிழக்கே, அதாவது சாமிக்கு வலப்பக்கம் தள்ளும். பூங்கா வந்ததிலிருந்து வேடியப்பனுக்கு இல்லை என்று சொல்லவே வழியில்லை!

பெருமையாகக் கணவரிடம் சொன்னேன். "சாமி விஷயத்துல உனுக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி?" என்று எரிந்து விழுந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள், கூட வேலை செய்யும் கத்தோலிக்கப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். எனக்குப் பையனைப் பிடித்துவிட்டது. கணவரின் அண்ணன்தான் குறுக்கே நின்றார். "வேதக்காரங்க வூட்ல சம்பந்தமா? நான் இருக்கிற வரைக்கும் நடக்காது." அவருக்குப் பிள்ளை இல்லை. என் மகளைத் தோளிலேயே வைத்து வளர்த்தவர். அவளும் போனில் அழுதாளே தவிர, "பெரியப்பா வந்து நிக்காம எனக்குக் கல்யாணமே வேணாம்மா" என்றுதான் சொன்னாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசியறியாத என் கணவரோ வாயே திறக்கவில்லை.

ஒருநாள் திடீரென்று அண்ணனிடம் சொன்னார். "வேடியப்பன்கிட்ட கேட்டுடலாம்ண்ணா. வேணாம்னு வந்தா விட்டுடலாம்."

"அரூர்ல நம்ம குலசாமி இருக்கறப்ப அங்க எதுக்குடா?"

"அவ்வளவு தூரம் பஸ்ல உங்க முட்டி தாங்காதுங்கண்ணா. ஞாயித்துக்கிழமை சாயங்காலமா போலாம்."

சாயங்காலம் என்றதும் நான் அவர் முகத்தையே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெரிந்துதான் சொல்கிறாரா, தற்செயலா? கேட்டால் கெட்டுவிடுமோ என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைக் கேட்காமல் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஏறினோம். மேலே ஓர் இலை அசையவில்லை. கணவர் பூவை வைத்து, அகலை ஏற்றிவிட்டுக் கைகூப்பினார். பூ ஒட்டிவைத்தது போல உட்கார்ந்திருந்தது. கீழே பஸ் ஸ்டாண்டில் விளக்குகள் எரியத் தொடங்கின. பெங்களூரில் மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அகலில் எண்ணெய் வற்றித் திரி கருகத் தொடங்கியது.

"என்னா, இன்னிக்குன்னு பாத்து காத்தே வரல" என்று முனகினார் என் கணவர்.

தன்னை மறந்து சொல்லிவிட்டார். அண்ணன் சட்டென்று திரும்பித் தம்பியைப் பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்தார். பிறகு மேற்குப் பக்கம் பார்த்தார். கணவரின் முகம் வெளிறிவிட்டது. எல்லாம் போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அண்ணன் கல்லுக்கு மேற்கே போய் நின்றிருந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினார்.

"என்னாடா இது, இப்புடிப் புழுங்குது!"

விசிறத் தொடங்கினார். விசிறல் அவர் பக்கம் வரவே இல்லை. அரளிப்பூ ஒருமுறை ஆடிவிட்டு வலப்பக்கம் விழுந்தது.

கணவர் மூக்கை உறிஞ்சினார். அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "நிக்கிறியேம்மா, புள்ளைக்குப் போன் போடு" என்று என்னை அதட்டினார்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். எனக்கு அழுகைதான் வந்தது. அண்ணன் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"கண்ணு, பெரியப்பா பேசறேன். சாமி சரின்னுடுச்சி. சர்ச்சுக்குள்ள செருப்பைக் கழட்டிட்டுப் போவணுமா, போட்டுக்கிட்டே போலாமா? அந்தப் பையன்கிட்ட கேட்டுச் சொல்லு."