புதுப் பதவிக்கு ஒரு பெட்டி சாக்லேட்

ரலிட்சா பல்கேரியாவின் சோஃபியா நகரில் ஒரு மென்பொருள் கம்பெனியின் ப்ராடக்ட் மேனேஜர். முன்பெல்லாம் செயலியில் எதைச் செய்வது என்று அவள் முடிவெடுத்த பிறகுதான் மற்றவர்கள் வேலையைத் தொடங்குவார்கள். இப்போதெல்லாம் அவள் குழுவின் இளைஞன் ப்ளாமென் ஏஐயிடம் கேட்டு அவனே செய்து முடித்துவிடுகிறான். அவள் சரிபார்த்தால் போதும். அதற்கேற்ற புதுப் பதவிப் பெயரும் இன்று வந்தது.

"புதுப் பதவி! சாக்லேட் எங்கேக்கா? கஞ்சத்தனம் பண்ணாதீங்க!" என்றான் ப்ளாமென்.

அவள் ஒரு பெட்டி வாங்கி வந்து மேசை மேசையாக நீட்டினாள். அவள் வாடிய முகத்தைப் பார்த்த கணக்குப் பிரிவு ஸ்தோயன்கா, அந்த ஊர் வழக்கப்படி இறந்தவர் பேரில் கொடுக்கும் இனிப்பு என்று நினைத்துவிட்டாள்.

"கடவுள் மன்னிக்கட்டும்," என்று இறந்தவருக்காகச் சொல்வதைச் சொல்லி ஒன்றை எடுத்துக்கொண்டாள். "யாரும்மா போனது?"

யாரும் போகவில்லை என்று சொல்ல ரலிட்சாவுக்கு வாய் வரவில்லை.

"இன்னொண்ணு எடுத்துக்கோங்கக்கா," என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள்.