ஊக்கு என்று சொல்லிவிட்டான்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் தாலிக்கயிற்றில் எப்போதும் நாலு ஊக்காவது தொங்கும். சேலை மடிப்புக்கும் அதுதான், காலில் முள் எடுக்கவும் அதுதான், பட்டன் விழுந்த சட்டைக்கும் அதுதான்.

எண்பத்து மூன்று ஆடியில் அண்ணி இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றுக் கிடந்தாள். அதே வாரம் கொழும்பு எரிந்தது. தமிழரைத் தேடித் தேடி அடித்தார்கள். டிக்கட் வெட்டியாயிற்று, வீட்டுக்குப் போகலாம், வந்து கூட்டிப் போகட்டும் என்று செய்தி வந்தது. அண்ணன் புறப்பட்டான். பிள்ளையைத் தூக்கிவர நானும்.

பஸ் ஏறும் நிவித்திகல கடைவீதியில் சாமான் கடை முஸ்லிம் நானா எங்களை உள்ளே கூப்பிட்டார்.

"தமிழனான்னு பாக்க பஸ்ஸ மறிச்சி ஒவ்வொரு சாமானா காட்டி பேர் கேக்குறாங்களாம். பட்டனத் தொட்டு கேட்டா பொத்தானுன்னுறாதீங்க தம்பி. சிங்களத்துல பொத்தம. எங்க, சொல்லுங்க."

அண்ணன் சொன்னான். நன்றாகத்தான் சொன்னான். சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவனுக்கு அது ஒரு பாடமா? ஆனாலும் வழியெல்லாம் உதட்டுக்குள் அதையே முணுமுணுத்தான்.

வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே அம்மா தாலியைக் கழற்றி அரிசி டின்னுக்குள் போட்டிருந்தாள். நான் பொட்டை அழித்திருந்தேன். அண்ணனுடைய ஒரே நல்ல சட்டையில் நெஞ்சுப் பட்டன் இல்லை. அம்மா கழற்றிவைத்த ஊக்குகளில் ஒன்றை எடுத்து அவனே குத்திக்கொண்டிருந்தான். யாருக்கும் அது உறுத்தவில்லை. எங்களில் யாருக்குத்தான் உறுத்தும்?

பஸ்ஸில் தெரியாதவர்கள் போலத் தள்ளித் தள்ளி உட்கார்ந்தோம். ஒரு சந்தியில் ஒரு கும்பல் பஸ்ஸை நிறுத்தியது. ஏறியவர்களில் ஒருவன் அண்ணனின் நெஞ்சில் விரலை வைத்தான்.

"மேக மொகக்த?"

இது என்ன என்கிறான். அண்ணன் குனிந்து பார்த்தான். அங்கே பட்டன் இல்லை. பயத்தில் வாய் அதுவாகச் சொன்னது.

"ஊக்கு."

நான் எழுந்தேன். பக்கத்திலிருந்த சிங்கள அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். "கத்தா கரன்ன எபா, துவே." பேசாதே மகளே என்கிறாள். அண்ணனை இறக்கினார்கள். பஸ் புறப்பட்டது.

பிறகொரு காலத்தில் அகராதியில் பார்த்தேன். ஊக்கு தமிழே இல்லையாம். ஆங்கிலத்து ஹூக். வளைந்த கொக்கி என்று பொருள். துரைமார் மொழியிலிருந்து எங்கள் கழுத்துக்கு வந்திருக்கிறது. அவன் சொல்லியிருக்க வேண்டிய சிங்களச் சொல் அல்பெனெத்தி. அது போர்த்துக்கீசர் விட்டுப்போனது. பொத்தமவும் அவர்களுடையதுதான். கப்பலேறிப் போனவர்களின் சொற்களை வைத்துக்கொண்டு ஒரு மனிதனை இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரி வார்டில் அண்ணி தலை வாரி, பிள்ளையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அவங்க கீழ நிக்கிறாங்களா?"