தாவோர்காவின் இரண்டு வினிகர்

தாவோர்கா விற்கும் சிர்ச்சேயில் ஊறிய வெள்ளரிக்காய் பங்குனி வரை நறுக்கென்று இருக்கிறதாம். அவள் விற்கும் ஒட்சட்டில் போட்டது ஒரே வாரத்தில் கொழகொழத்துவிடுகிறதாம். மேற்குப் பக்கத்து ரொட்டிக்கடை ஷ்டெஃபிட்சாவுக்கு இதை நாத்தனார் சொன்னாள். நாத்தனாருக்கு முடிவெட்டுகிறவள் சொன்னாளாம்.

இரண்டு சொல்லுக்கும் வினிகர் என்றுதான் பொருள். ஊரை இரண்டாகப் பிரிக்கும் பாலத்துக்கு மேற்கே ஒட்சட், கிழக்கே சிர்ச்சே. இரு பக்கமும் மோதிக்கொண்ட போருக்குப் பிறகு மாற்றிச் சொன்னால் கடையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மேற்கில் பிறந்து கிழக்கத்தி எனெஸைக் கட்டிக்கொண்ட தாவோர்கா, வீட்டில் "அந்தப் புளிப்பு" என்பாள். சந்தையில் இருபது வருடமாக அவள் விற்கும் புட்டிகளில் நீலச் சீட்டு ஒட்டியது ஒட்சட், பச்சைச் சீட்டு ஒட்டியது சிர்ச்சே. இரண்டும் நிலவறையில் ஒரே பீப்பாயின் ஒரே குழாயில் வருபவை. அது புருஷன் பெண்டாட்டிக்கு மட்டும் தெரியும்.

"உன் புருஷன் ஆளுங்களுக்கு நல்லது, எங்களுக்குக் கழுவுன தண்ணியாடி?" என்று தாவோர்காவிடமே கேட்டாள் ஷ்டெஃபிட்சா.

ஊரே குளிர்காலத்துக்கு ஊறுகாய் போடும் மாதம் அது.

"ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிட்டா என்ன?" என்றான் எனெஸ்.

"நல்லா சொன்ன, மனுஷா. இத்தன வருஷமா அடுத்தவன் வினிகரத் தின்னோமான்னு ரெண்டு பக்கமும் வாந்தி எடுக்கும். அப்புறம் கடைய யாரு எட்டிப் பாப்பா?"

ஒட்சட்டைப் புதுப் பீப்பாய்க்கு மாற்றிவிட்டதாகச் சனிக்கிழமை சந்தையில் சொன்னாள். மதியத்துக்குள் நீலச் சீட்டு தீர்ந்தது. திங்கட்கிழமை கிழக்கத்திப் பெண்கள் வந்தார்கள்.

"அவங்களுக்குப் புதுசு, எங்களுக்குப் பழசா?"

"பழைய பீப்பாதாம்மா ருசி."

"அப்ப எங்கள மட்டும் ஏன் அதுலேருந்து எடுத்த?" என்று மறுநாளே மேற்கு வந்து நின்றது.

வியாழக்கிழமை சந்தை அலுவலகத்துக்கு ஒரு மனு போயிற்று. பாலத்தின் இருபக்கமும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட முதல் மனு. இரண்டு பீப்பாயையும் அதிகாரிக்குக் காட்ட வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. இல்லையென்றால் கடை போய்விடும்.

எனெஸ் தன் சித்தப்பா மகனிடம் முட்டைக்கோஸ் புளிக்கவைக்கும் பீப்பாயை இரவல் வாங்கி உருட்டிவந்தான். பாதி வினிகரை அதில் ஊற்றினார்கள். வெள்ளிக்கிழமை காலை தாவோர்கா இரண்டிலும் விரல் தொட்டு நக்கினாள். ஒன்று வினிகர். மற்றதில் அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம். இருபது வருடத்தில் முதல்முறையாக அவளிடம் உண்மையிலேயே இரண்டு வினிகர் இருந்தது.

"நாறுன பீப்பாமேல யாரு பேர எழுதப்போற?" என்று எனெஸ் மெதுவாகக் கேட்டான். "எங்க அம்மாவும் உங்கிட்டத்தான் வாங்குது."

"எங்க அண்ணனுந்தான்."

மேலே தொலைபேசி அடித்தது.

"அதிகாரிதான். எது எதுன்னு கேப்பாரு. போய் எடு" என்றான் எனெஸ்.

"நீ எடு."

பீப்பாய்களில் பெயர் எழுத எடுத்த சாக்கட்டியைப் பிடித்தபடி அவள் நின்றாள். தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.