எனக்கு ஏற்றிய விளக்கு

சிகிச்சை முடிந்த பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. புற்றுநோய்க்கு ஊசி, கரண்ட் என்கிற கதிர்வீச்சு என்று அலைந்தவரை அதற்கு நேரமில்லை. "எல்லாம் முடிஞ்சிடுச்சும்மா, இனிமே செக்கப்புக்கு வந்தாப் போதும்" என்று டாக்டர் அனுப்பிவைத்தார். கள்ளக்குறிச்சி வீட்டில் எல்லோரும் பழையபடி ஆகிவிட்டார்கள். நான் மட்டும், எடுத்துவிட்ட மார்பு அரிக்கிறதென்று சொறியப் போய், தட்டையான தழும்பில் விரல் பட்டுத் திடுக்கிடுவேன்.

இதை ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டில்காரியாக இருந்தவளிடம்தான் சொல்ல முடியும். கல்வராயன் மலைக்காரி, எனக்கு வந்த அதே நோய். வீடு திரும்பியதிலிருந்து அவள் போனை எடுக்கவே இல்லை. ஒரு நாள் அவள் ஊருக்கே, வெள்ளிமலை பஸ் ஏறிவிட்டேன்.

இறங்கியபோது நண்பகல். ஆனாலும் மேகம் தரைவரை இறங்கியிருந்தது. வழி கேட்டதற்கு ஒரு பெரியவர் பேசாமல் கையை மட்டும் நீட்டினார். சாமைக் கொல்லையை ஒட்டி அவள் வீடு. களை பிடுங்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் பாதங்களையே பார்த்தபடி பின்னால் நகர்ந்தாள்.

"கிட்ட வராதக்கா. இன்னா வோணும் உனுக்கு? தெனம் வௌக்கு வெச்சிக்கினுதானே இருக்கறேன்?"

திறந்த கதவு வழியே பார்த்தேன். மொட்டைத் தலைக்கு நான் கட்டியிருந்த பச்சைத் துண்டு. கிளம்பும்போது அவளிடம் கொடுத்தது. அது மடித்து வைக்கப்பட்டு, அதன்முன் அகல் எரிந்தது. பக்கத்தில் ஒரு டம்ளர் காபி, ஆறி ஆடை படிந்திருந்தது.

காலையிலிருந்து யாராவது என்னோடு வாய்விட்டுப் பேசினார்களா என்று யோசித்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"நான் சாவலடி. தொட்டுப் பாரு."

அவள் நீட்டிய கை தோளிலிருந்து விரல்வரை வீங்கியிருந்தது. என் மணிக்கட்டின் சூட்டை உணர்ந்ததும் அழத் தொடங்கினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போன எங்க ஊரு ஆளுதான், பக்கத்துக் கட்டில்காரி செத்துட்டான்னு சொன்னாரு. அடுத்தது நாந்தான்னு நெனச்சேன். அதான் செக்கப்புக்கும் போவல, போனும் எடுக்கல."

"இந்தக் கையோடவா களை புடுங்கற? ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுத்த பயிற்சி எல்லாம் எங்க?"

அவளைச் சுவரோரம் நிறுத்தி, வீங்கிய கையின் விரல்களைச் சுவரில் மெல்ல மேலேறச் செய்தேன். என் விரல்களும் ஏறின. பிறகு அவள் விளக்கை அணைக்கப் போனாள். கை பாதியில் நின்றது.

"அக்கா, எனுக்கு அந்தாண்டப் பக்கம் ஒருத்தி படுத்திருந்தாளே, திருக்கோவிலூர்க்காரி... அவளும் பக்கத்துக் கட்டில்தானே?"

நான் அகலின் திரியைத் தூண்டிவிட்டேன். அவள் விளக்கை அணைக்கவில்லை.

அடுத்த வாரமே செக்கப்புக்கு இறங்கி வந்தாள். நோய் திரும்பவில்லை. வீக்கத்துக்கு தோள்வரை இறுக்கிப் பிடிக்கும் கையுறை கொடுத்தார்கள். இப்போது சேர்ந்தே போகிறோம். அரிக்கிற கதையெல்லாம் பேசிச் சிரிக்கிறோம். அந்தக் கட்டில்கள் இருக்கும் மாடிக்கு மட்டும் இருவரும் ஏறுவதில்லை.