மடி எட்டாத உயரம்

கட்டடத்துக்குப் படம் போடுகிறவனுக்கு ஊரெல்லாம் எஜமானர்கள். அந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்கப்போகிறவரை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். வரைபலகையில் முதுகு ஒடிந்த சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில், கெலமங்கலம் பக்கம் பழைய பௌத்த மேடு ஒன்றின் ஓரமாகக் கலாசார மண்டபம் கட்ட என்னை அனுப்பினார்கள்.

முனியின் மடி

மேட்டின் மேல் வெட்டவெளியில் ஒரு புத்தர் சிலை. ஊருக்கு அவர் முனியப்பன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவர் மடியில் கிடத்தி, கற்பூரம் எரிந்து அணைகிறவரை நின்று, பிறகுதான் ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுவார்கள். மடி எண்ணெய் ஊறி வழவழவென்று கறுத்திருந்தது. அடுத்த கொல்லையில் ராகி போடும் ராஜப்பாவிடம், இது புத்தராக்கும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இருக்கட்டும் சார். எம் பொண்ணு இந்த மடியில படுத்து எழுந்தவதான்."

ஐந்தடி பீடம்

சிலையை மண்டபத்துக்குள் கொண்டுவர உத்தரவு. நான் அதைத் தரைமட்டத்தில், நாலு பக்கமும் திறப்பாக வைத்து வரைந்திருந்தேன். சென்னையிலிருந்து வந்த மேலதிகாரி, ஐந்தடி பீடம், சுற்றிலும் கம்பிக் கிராதி என்று சிவப்புப் பென்சிலால் என் படத்தைக் கிழிக்காத குறையாகத் திருத்தினார். மடி விஷயத்தைச் சொன்னேன். எண்ணெய்ப் பிசுக்கு என்று முகம் சுளித்தார். மறுபடியும் கெஞ்சினேன், எனக்கே வெறுத்துப்போயிற்று. கிளம்பும்போது சிரித்துக்கொண்டே கேட்டார்:

"மியூசியத்துல யாராவது புள்ளையப் படுக்க வைப்பாங்களாய்யா?"

கம்பிக்கு வெளியே

அவர் திருத்தியபடியே மண்டபம் எழும்பி, சிலையும் பீடம் ஏறிவிட்டது. திறப்பு விழாவுக்குக் கொஞ்சம் முன்னால், ராஜப்பாவும் அவர் மனைவி லட்சுமம்மாவும் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஜன்னி கண்டிருந்தது. கிராதியில் பூட்டு, சாவி மேலதிகாரியிடம், சென்னையில். சிமெண்ட் தரையிலேயே பிள்ளையைக் கிடத்திக் கற்பூரம் ஏற்றினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை, மூவரையும் ஜீப்பில் ஏற்றினேன். ஓசூர் வருவதற்குள் பிள்ளையின் மூச்சு அடங்கிவிட்டது.

மடியில் கிடத்தியிருந்தால் பிழைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. லட்சுமம்மாவும் அப்படிச் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிள்ளையின் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னது இவ்வளவுதான்:

"சில்லுன்னு தரையில போட்டுட்டோம் சார். மடியில வச்சிருந்தா, நம்மால ஆனதச் செஞ்சோம்னாச்சும் இருந்திருக்கும்."

மண்டபம் பிரமாதம் என்றுதான் வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்; குறை சொல்ல உரிமையுள்ளவர்கள் அதன்பிறகு அந்தப் பக்கமே வருவதில்லை.