எருமைக்காகக் கப்பலேறிய ஞானம்மா

1991 ஐப்பசியில் போர்ட் பிளேரிலிருந்து மெட்ராஸ் கிளம்பிய கப்பலில் பிள்ளைப்பாக்கத்து ஞானம்மா ஏறியது ஓர் எருமைக்காக. சிரிக்காதீர்கள், உள்ளதைத்தான் சொல்கிறேன். மகள் சசிரேகாவின் இரண்டாவது பிரசவத்துக்குப் போனவள் அவள். மருமகனுக்கு அங்கே துறைமுகத்தில் வேலை. பேரனுக்குத் தொட்டில் போட்ட மறுநாளே மூட்டையைக் கட்டிவிட்டாள்.

"இன்னும் ஒரு மாசம் இரும்மா. எனக்கு ஒடம்பே தேறல," என்றாள் சசிரேகா.

"மவராசி கன்னு போடுற நேரம்டி. உங்கப்பன அது கிட்டவே சேக்காது."

மவராசி என்பது எருமை. ஞானம்மாவைத் தவிர வேறு யார் மடியில் கை வைத்தாலும் உதைக்கும். புருஷன் சுப்பராயனை ஏற்கெனவே சாணியில் உருட்டியிருக்கிறது. பெண்டாட்டி புடவையைச் சுற்றிக்கொண்டு போனால் எருமை ஏமாந்து நிற்கும். ஊரில் நாலு பேர் செய்கிற காரியம்தான். அதைச் சொன்னதற்கு அந்த மனுஷன் மீசையைத் தடவிக்கொண்டு, "அதுக்கு நான் நாண்டுகினு சாவலாம்," என்று சொல்லிவிட்டார். கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். அப்புறம் எருமைக்கும் ஆபத்து, கன்றுக்கும் ஆபத்து.

"என்னவிட ஒனக்கு எருமதான் பெருசா?" என்று வாசலில் நின்று அழுதாள் சசிரேகா. ஞானம்மா மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து கப்பலேறிவிட்டாள்.

கரை மறைந்ததுமே கடல் தன் குணத்தைக் காட்டியது. கீழ்த்தளத்தில் தகரப் பெட்டிகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய், மறுபடி திரும்பி வந்தன. ஞானம்மா குடலே வெளியில் வந்துவிடும்போல வாந்தி எடுத்தாள். பக்கத்துப் படுக்கை ரத்னா எலுமிச்சம்பழம் கொடுத்து முகரச் சொன்னாள். தாம்பரத்தில் கடை வைத்திருப்பவள். இந்தக் கப்பலில் போய்வந்து பழகியவள்.

"ஆயுசுக்கும் இனிமே கப்பல்ல காலு வெக்க மாட்டேன். சத்தியம்," என்றாள் ஞானம்மா.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க," என்றாள் ரத்னா.

மறுநாள் காற்று கொஞ்சம் அடங்கியதும் ரத்னா அவளை மேல்தளத்துக்கு இழுத்துப் போனாள். போன நேரம், கப்பலை ஒட்டிக் கடல் உப்பி, கறுத்த முதுகு ஒன்று ஏறியது. புஸ்ஸென்று விட்ட மூச்சில் தண்ணீர் முகத்தில் அடித்தது. நாற்றம் சகிக்கவில்லை. 'திமிங்கலம்' என்று எல்லோரும் பின்வாங்க, ஞானம்மா மட்டும் ஏரியில் ஆழத்துக்குப் போகிற எருமையை அதட்டுகிற குரலில், "ஏய், ஓரமா போ," என்றாள்.

அவள் பேச்சை மதித்தோ, தன் இஷ்டத்துக்கோ, அது கொஞ்சம் விலகியது. அப்போதுதான் அதன் பக்கத்தில் சின்னதாக இன்னொரு முதுகு தெரிந்தது. குட்டி. அலை வருகிற பக்கம் தாய், மறுபக்கம் குட்டி. குட்டி பின்தங்கினால் தாயும் தாமதித்தது.

"இம்மாம் பெரிய கடலு. எங்க வோணா போவலாம். வுட்டுட்டுப் போவுதா பாரு," என்றாள் ரத்னாவிடம். சொன்ன வாய் மூடுவதற்குள், சசிரேகா வாசலில் அழுதுகொண்டே கேட்டது காதில் விழுந்தது.

மெட்ராஸில் இறங்கி, தாம்பரம் வரை ரயில், அங்கிருந்து படப்பை வழியாக பஸ். இறங்கிய இடத்திலிருந்து ஓட்டமும் நடையுமாகப் போய் மாட்டுக்கொட்டாயில் எட்டிப் பார்த்தாள்.

அவளுடைய பச்சைக் கட்டம் போட்ட புடவையில், முக்காடு போட்ட ஒருத்தி குந்திக்கொண்டு மவராசியிடம் பால் கறந்துகொண்டிருந்தாள். எருமை அசையாமல் நின்றது. பக்கத்தில் கன்று துள்ளியது. ஞானம்மா கொட்டாய் அதிரக் கத்தினாள்.

"யார்றி நீ?"

அவள் திரும்பினாள். மீசை இருந்தது.

"கத்தாதம்மே, ஒதைக்கும்," என்றார் சுப்பராயன். "கன்னு போட்டு ஒரு வாரம் ஆச்சி. மொத நாளுதான் வெக்கமா இருந்திச்சி. இப்ப பழகிடுச்சி. நீ இன்னாத்துக்கு அடிச்சிப் புடிச்சி வந்த? புள்ளகூட இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டு வர்றதுதானே?"

ஞானம்மா மூட்டையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வயிறு நோகச் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. முந்தானையால் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள்.

"நாளைக்குப் போயி அடுத்த கப்பலு எப்போன்னு கேட்டுகினு வா. திரும்பி வரசொல்லோ எலுமிச்சம்பழம் வாங்கியா. அந்தப் புடவ இங்கியே இருக்கட்டும், ஒனக்கு வோணும்."